சுட்டுச் சிவந்த மண்

1

“…மண்ணைப் பற்றி ஆர் யோசிச்சது, மச்சான்? நீ வந்து பக்கத்தில இருந்தால் காணும் எண்டுதான் நான் யோசிச்சனான்.”

போன ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதன் பரராசா இதைச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய வீடு. இந்தப் பக்கம் என்னுடைய காணி. காணியில் வீடு இல்லை, சக்கரம் வைத்த ஒரு கரவன் வண்டி மட்டும் நிற்கிறது. அதற்குள் நானும் மனைவி பூரணமும் பத்து வயது மகள் நளினியும் படுத்தெழும்பி, சமைத்துச் சாப்பிட்டு, சண்டை பிடித்துச் சமாதானமாகிறோம்.

அன்றோடு காணி எழுதி ஒரு வருடம். பூரணம் காலையிலேயே நினைவுபடுத்தினாள். “இண்டைக்கு ஒரு வருசம். பால் காய்ச்சுவமோ?” என்று கேட்டாள். பகிடியாகக் கேட்டாளா, வயிற்றெரிச்சலில் கேட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பால் காய்ச்சுவதற்கு வீடு வேண்டாமா?

ஊரில் இருக்கிற நீங்கள் பலர் “அவுஸ்திரேலியாவில் காணியும் வாங்கிவிட்டாய், இனி என்ன குறை” என்று எனக்கு எழுதினீர்கள். உங்கள் சந்தோசத்தை நான் கெடுக்கவில்லை. ஆனால் பதிலும் எழுதவில்லை. இப்போது எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பரராசா அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு என்ன செய்தான் என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால் மண் எப்படிச் சிவக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

2

நான் மெல்பேணில் செங்கல் சூளையில் வேலை செய்கிறேன். கொழும்பில் எழுதுவினைஞனாக இருந்தவன் எப்படிச் சூளைக்குப் போனான் என்று கேட்பீர்கள். இங்கே கந்தோர்களுக்குப் போனால் “உள்ளூர் அனுபவம் உண்டா?” என்று கேட்பார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்றால், நல்ல பதில் என்று மெச்சிச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். சூளையில் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நாளைக்கு வா என்றார்கள்.

அங்கே நெருப்புப் பார்க்கிறவர் வின்சென்சோ என்ற இத்தாலியர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறுவேறு பக்கம் நொண்டும். அதனால்தான் நாங்கள் நன்றாகக் கதைத்தோம். அவர் ஒருநாள் சொன்னார்: “இரும்பு வாயாடி. சூடு பட்டவுடனே கத்திவிடும். மங்கனீசு பேசாது. ஆனால் அது தொட்டதெல்லாம் கறுக்கும்.”

எனக்கு மனிதர்கள் சொல்கிற இந்த மாதிரிச் சொற்கள் என்றால் ஆசை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். நகர நூலகத்தில் மண்ணைப் பற்றிய புத்தகங்களை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

மண்ணுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் இரும்புதான். குளிரும் ஈரமும் உள்ள காட்டில் அது மஞ்சளாகவோ பழுப்புக் கபிலமாகவோ இருக்கும். நன்றாக நீர் வடிந்து, வெயிலும் காற்றும் பட்ட மேட்டில் சிவக்கும். தண்ணீர் தேங்கிக் காற்று அடைபட்டால் இரும்பு தன் நிறத்தை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கரைந்துவிடும். மிஞ்சுவது சாம்பல் நிற மண். நம் வன்னிக் காட்டிலும் இதே கதைதான். மேட்டில் செம்மையாக இருக்கிற மண் பள்ளத்துக்கு இறங்க இறங்கச் சாம்பலாவதைப் பார்த்திருப்பீர்கள்.

மங்கனீசின் குணம் வேறு. தண்ணீர் தேங்கினால் இரும்புக்கும் முன்னால் கரைந்து போவது அதுதான். தண்ணீர் வற்றும்போது கடைசியாகத் திரும்பி வருவதும் அதுதான். வந்து கறுப்புப் புள்ளியாக, சின்னச் சின்ன உருண்டையாகக் குந்திக்கொள்ளும். ஒரு மண்ணைக் கிண்டும்போது கறுத்த உருண்டைகள் வந்தால், அங்கே வருடா வருடம் தண்ணீர் வந்து நின்று போகிறது என்று அர்த்தம்.

எங்கள் சூளைக்கு வருகிற மண் மஞ்சள். அந்த மஞ்சளில் இரும்பு தண்ணீரோடு கட்டுண்டு இருக்கிறது. நெருப்பு அந்தத் தண்ணீரைத் துரத்திவிடும், மண் சிவந்துவிடும். இப்போது இங்கே புது வீடு கட்டுகிற எல்லோருக்கும் கபிலக் கல்தான் வேண்டுமாம். அதற்கு மங்கனீசுத் தூளைக் கலப்போம். வேலை முடிந்து எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும்.

இதையெல்லாம் நான் பரராசாவுக்குச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? கொழும்பு வெள்ளவத்தையில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தவர்கள். அவனுடைய கலியாணத்துக்கு நான் மாப்பிள்ளைத் தோழன். அவன்தான் எனக்கு முன்னால் இங்கே வந்து, எங்களைக் கூப்பிட்டு, விமான நிலையத்தில் மூன்று குளிர்ச்சட்டைகளோடு நின்றவன். நளினிக்குக் கொண்டுவந்த சட்டை அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது. “வளருவாள்தானே” என்றான்.

நகரத்துக்குள்ளே பிறன்ஸ்விக்கில் நாங்கள் ஒரு வாடகை அறையில் இருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை அவன் வந்திருந்தபோது சூளையிலிருந்து இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினேன். ஒன்று சுடாதது, மஞ்சள். மற்றது சுட்டது, சிவப்பு. அவன் இரண்டையும் இரண்டு கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“விறகு நெருப்புக்கும் உப்பிடிச் சிவக்குமோ?”

“ஏன் சிவக்காது? காட்டில ஒரு கட்டை வேரோட எரிஞ்சால் சுத்தியிருக்கிற மண்ணெல்லாம் செங்கல்தான்.”

“உண்மையாவோ?” என்றான். “நீ ஒரு பேராசிரியரடா” என்று முதுகில் தட்டினான். அன்றைக்கு எனக்கு இரண்டு கதிரை உயரம் கூடியது.

3

பரராசாவுக்கு நகரத்துக்கு வடக்கே, கிரெய்கிபர்னும் தாண்டிக் காட்டு விளிம்பில், ஒரு பழைய மரவீடு காணியோடு மலிவாகக் கிடைத்தது. அவனும் மனைவி செல்வமும் அங்கே போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. சனி ஞாயிறுகளில் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவான். ஒரு பள்ளி விடுமுறையில் நளினி மட்டும் ஒரு வாரம் அங்கே நின்றாள். போகும்போதெல்லாம் “பக்கத்துக் காணி விக்கப் போகுது” என்பான். நான் பேச்சை மாற்றிவிடுவேன். மாற்றினாலும் பூரணம் விடமாட்டாள். பிறன்ஸ்விக்கில் அவளுக்கு வீட்டுக்காரியோடு பொதுக் குசினி. கறி தாளித்தால் அந்த மனுசி ஓடிவந்து யன்னல் எல்லாவற்றையும் திறப்பாள். “எனக்கெண்டு ஒரு குசினி. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை” என்பது பூரணத்தின் கோரிக்கை.

கடைசியில் பார்க்கத்தானே என்று போனோம். காணித் தரகர் ஒரு வெள்ளைக்காரர், தொப்பியோடு வந்து நின்றார். பரராசா அவரை நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

“நிலையம் எடுக்காமல் காணி வாங்கக் கூடாது.”

“மெல்பேணில சாத்திரியாருக்கு எங்கை போறது?”

“நான் இருக்கிறனே” என்று மண்வெட்டியை எடுத்தான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முழங்கால் ஆழம் ஒரு குழி வெட்டி, எடுத்த மண்ணைத் திரும்பக் குழிக்குள்ளேயே போட வேண்டும். மண் மிஞ்சினால் காணி நல்லது, குறைந்தால் ஆகாது. பரராசா கிழக்கைப் பார்த்தான், மேற்கைப் பார்த்தான், அடியளந்து நடந்தான், ஓர் இடத்தில் நின்றான். செல்வம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வெட்டிலேயே சிவப்பு.

பூரணம் “ஐயோ” என்று வாயில் கையை வைத்தாள். இரண்டாம் வெட்டும் சிவப்பு. முழங்கால் ஆழம் வரைக்கும் சிவப்பு. நம் ஊர்த் தோட்டச் செம்மண் மாதிரி, வெங்காயம் நடலாம் போல. அங்கங்கே கொஞ்சம் கரி கிடந்தது. “இந்த நாட்டில காட்டுத் தீ வராத இடம் எது? எங்கை கிண்டினாலும் கரிதான்” என்றான் பரராசா. மண்ணைத் திரும்பப் போட்டபோது ஒரு குவியல் மிஞ்சியது. தரகருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. ஆனால் பூரணத்தின் முகத்தைப் பார்த்து, காணி விற்றுவிட்டது என்று மட்டும் விளங்கியிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை மஞ்சள் மண் நெருப்புக்குள் போய்ச் சிவப்பாக வெளியே வருவதைப் பார்க்கிறவன் நான். சிவப்பு மண்ணையும் கரியையும் ஒரே குழியில் பார்த்துவிட்டு, “எங்கட மண்” என்று கண் கலங்கி நின்றேன். வேறு நாட்டுக்காரன் ஒருவன் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான். அவனுக்குச் சிவப்பு என்பது வெறும் ஒரு நிறம்.

4

சேர்த்ததெல்லாம் காணிக்குப் போனது. வாடகையும் கொடுத்து வீடும் கட்ட முடியாது என்பதால், வீடு கட்டும்வரை காணியிலேயே இருப்போம் என்று கரவனை வாங்கி நிறுத்தினோம். நான் வேலைக்குப் பரராசாவின் காரில் போய் வருவேன். அவனுக்கு நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. போகும்போது அவன் பாடுவான், வரும்போது நான் கதைப்பேன். அந்த மாதங்களைப் போலச் சந்தோசமாக நான் இந்த நாட்டில் இருக்கவில்லை. எழுதும்போது அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

நளினி புதுப் பள்ளிக்கூடம் போனாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். “சாப்பிட்டியோ?” என்றால் “நொட் ஹங்ரி.” பூரணம் ஒருநாள் கோபத்தில் அவளைத் தமிழில் ஏசினாள். பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு “யூ சவுண்ட் ஃபனி, அம்மா” என்று சிரித்தது. ஏச்சுக்கும் மரியாதை இல்லாமல் போனது.

பிறகு மாரி வந்தது. முதலில் கரவனுக்குக் கீழே தண்ணீர் நின்றது. பிறகு கரவனைச் சுற்றி நின்றது. மழை விட்ட பிறகும் போகவில்லை. பூரணம் படியிலிருந்து இறங்கப் பலகை போட்டோம், பலகை மிதந்தது.

வீடு கட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு எழுதியிருந்தோம். ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டும். அது வேறொரு படிவத்தைக் கேட்கும். கடைசியில் ஒரு பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். “தண்ணீர் நிற்குமா?” என்று கேட்டார். நான் எங்கள் காணியை விட்டுக்கொடுப்பேனா? “ஓம் ஓம், நெல் வயல் மாதிரி நிற்கும்” என்று பெருமையாகச் சொன்னேன். தண்ணீர் நிற்கிற நிலம் நல்ல நிலம் என்றுதானே நாங்கள் பிறந்தது முதல் கேட்டது? அவர் அதை எழுதிக்கொண்டார். வீட்டுக் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்காவிட்டால் இங்கே வீடு கட்ட விடமாட்டார்கள் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் தன்னுடைய இரும்புக் குழாயை மூன்று இடத்தில் இறக்கினார். மூன்றிலும் சாம்பல் நிறம். வேர் போன வழியில் மட்டும் துருப்பிடித்த கோடுகள். நடுவில் நம் தெருவுக்குப் போடுகிற கிரவல் மாதிரிக் கறுத்த உருண்டைகள். ஒரு சின்னப் போத்தலிலிருந்து ஏதோ திரவத்தை ஓர் உருண்டையின் மேல் ஒரு சொட்டு விட்டார். அது நுரைத்துச் சீறியது.

“மங்கனீஸ்” என்றார்.

நான் அவரைக் கையைப் பிடித்து எங்கள் குழி இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். “இதைப் பாருங்கள், இது சிவப்பு” என்றேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு கரித்துண்டை எடுத்து உடைத்தார். “இங்கே பெரிய கட்டை ஒன்று எரிந்திருக்கிறது. உள்ளே வேர் பல நாள் கனன்றிருக்கும். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் கிண்டினால் சாம்பல் மண்தான்” என்றார். எனக்குச் சொல்வதற்கு அவர் தயங்கினார். எங்கள் சூளையின் பெயர் எழுதிய மேற்சட்டையைத்தான் நான் அப்போது போட்டிருந்தேன்.

அனுமதி மறுத்துக் கடிதம் வந்தது. கரவனில் இருக்கலாமாம், ஆனால் அதற்கும் ஒரு காலக்கெடு உண்டாம்.

5

“பரா அண்ணை அந்த இடத்தை எப்பிடி அவ்வளவு சரியாக் கண்டவர்?” என்று பூரணம் அன்றைக்கே கேட்டாள்.

“தற்செயல்.”

“கிழக்கையும் மேற்கையும் பாத்துப்போட்டு அங்கை போய் நிண்டவர்.”

“அவனுக்கு என்ன தெரியும், பூரணம்? பாவம். அவனும் எங்களைப் போல ஏமாந்தவன்தான்.”

மாதக்கணக்கில் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனோடு அவனுடைய காரில் போய் வந்துகொண்டே சொன்னேன். தரகரைத் திட்டினேன், நகரசபையைத் திட்டினேன், எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் பரராசா. அவனும் என்னோடு சேர்ந்து தரகரைத் திட்டினான். என்னைவிட நன்றாகத் திட்டினான்.

போன ஞாயிறு காலை, ஒரு வருடம் என்ற கதை வந்தபோது, நளினி பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். நான் பூரணத்திடம், “எந்தக் காலத்திலயோ எந்தப் புண்ணியவானோ ஒரு கட்டையை எரிச்சதால வந்த வினை” என்றேன்.

“பரா அங்கிள்தானே எரிச்சவர்” என்றாள் நளினி, ஜாமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“வென் ஐ ஸ்ரேய்ட் வித் தெம். நீங்கள் காணி வாங்க முன்னம். ஐ கலெக்ரெட் த ஸ்ரிக்ஸ். மாஷ்மெல்லோ சுட்டனாங்கள். இற் பேர்ண்ட் ஃபோர் ஏஜஸ்.” சுள்ளி பொறுக்கிக் கொடுத்தவள் அவளாம், நெருப்பு அணையாமல் கனகாலம் எரிந்ததாம். பிறகு, எப்போதும் ஆங்கிலம் கலந்தே கதைக்கிறவள், பரராசாவின் குரலை அப்படியே வைத்துத் தமிழில் சொன்னாள்: “பிறகு மண்ணைக் கிண்டிப் பாத்துப்போட்டு, ‘பாரடி, உன்ர கொப்பர் சொன்னது சரிதான்’ எண்டவர்.”

பூரணம் எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் இல்லாத கேத்தல்.

மற்றவன் ஒருவன் ஏமாற்றினால் ஏமாற்றினான் என்று விடலாம். என்னுடைய அறிவை என்னிடமிருந்து வாங்கி, அதை நெருப்பில் சோதித்து, சரியென்று கண்ட பிறகு, அதைக்கொண்டே என்னைப் பிடித்திருக்கிறான். முதுகில் தட்டிய கை அது.

6

வேலிக்குப் போனேன். அவன் தன் பக்கத்தில் கோழிக்கூட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“அந்தக் கட்டையை நீதானே எரிச்சனி?”

“ஆர் சொன்னது?”

“என்ர பிள்ளை.”

“அவள் கெட்டிக்காரி” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டான். “முதல் மாரி நானும் செல்வமும் இஞ்சை தனிய இருந்தனாங்கள், மச்சான். அஞ்சு மணிக்கு இருட்டிப் போகும். காட்டுக்குள்ள ஒரு வெளிச்சம் இல்லை. அவள் றேடியோப் பெட்டியோட கதைக்கத் தொடங்கினாள். செய்தி வாசிக்கிறவனுக்குப் பதில் சொல்லுவாள். நான் பயந்து போனன்.”

“அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். வா எண்டு கேட்டிருக்கலாம்.”

“கேட்டால் வந்திருப்பியோ? சேத்துக்க வீடு கட்ட வந்திருப்பியோ? பூரணம் விட்டிருப்பாவோ?”

“தண்ணி நிக்கும் எண்டு உனக்குத் தெரியும்.”

“ஓம். தெரியும்.”

“அவள் கேட்டது ஒரு குசினி, பரா.”

அப்போதுதான் அவன் சொன்னான், நான் மேலே எழுதிய அந்தச் சொல்லை. மண்ணைப் பற்றி ஆர் யோசிச்சது என்று.

உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தச் சொல்லோடு என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இந்தக் கண்டத்தில், என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஆட்களே குறைவான இடத்தில், ஒருவன் என்னைப் பக்கத்தில் வைத்திருப்பதற்காகப் பொய்யும் சொல்லி நெருப்பும் வைத்திருக்கிறான். எவ்வளவு தனிமையாக இருந்திருப்பான் என்று என் மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. நான் அப்படிப்பட்டவன்தான். பூரணம் இதை வாசித்தால் என்னை மன்னிக்க மாட்டாள்.

“சரி, விடு” என்றேன். “வாற மாரிக்கு முதல் ரெண்டு பேருமாய்ச் சேந்து சுத்திவர வாய்க்கால் வெட்டுவம். தண்ணியை வடிய விட்டுப்போட்டு நகரசபைக்குத் திரும்ப எழுதுவம். நீ பக்கத்தில இருக்கிறாய்தானே.”

செல்வம் வாசலுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு அவனைப் பார்த்து, “இஞ்சேருங்கோ, சொல்லிப்போட்டியளோ?” என்று கேட்டாள்.

“என்னத்தை?” என்றேன்.

பரராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். செல்வத்தின் தம்பி சிட்னியில், பென்டில் ஹில்லில், ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறானாம். ரயில் நிலையத்துக்குக் கிட்டவாம். தெருவில் நம் ஆட்கள் ஒரு குடும்பம் இருக்கிறார்களாம். இந்த வீட்டையும் காணியையும் குதிரை வளர்க்கிற ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். வாற கிழமை பயணம்.

“கார்?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறொன்றும் என் வாயில் வரவில்லை.

“காரிலதான் போறம்.”

“நான் வேலைக்கு?”

“யோசிச்சனான், மச்சான். அதுக்கு ஒரு வழி வரும்.” கண்ணைத் துடைத்தான். உண்மையான கண்ணீர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. “அங்கை வளவு சின்னன். கோழி வளக்க விடமாட்டினமாம்.”

பிறகு அவன் குனிந்து, வேலியின் கீழ்க்கம்பியை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தன் கோழிகளை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் தள்ளிவிடத் தொடங்கினான்.